சித்தப்பாவின் வலது கை

ஒரகடம் கூட்டுரோட்டைச் சுற்றியிருந்த பள்ளிக்கூடங்களில் என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் இப்போது முப்பது ஆகியிருக்கும். காதோரம் ஒன்றிரண்டு நரைகூட வந்திருக்கும். கம்பெனிகள் வந்த வருஷங்களைப் பற்றி நாங்கள் எப்போது பேசினாலும், யார் நிலம் எந்தக் கம்பெனிக்குள் போனது என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. இரண்டாயிரத்து ஏழில், நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, என் சித்தப்பாவுக்கு நடந்தது. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

எங்கள் வீடு வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பதினாலு வயது வித்தியாசம். சித்தப்பாவுக்கு ஒன்பது வயதிலேயே அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அதன்பிறகு அப்பாதான் வளர்த்தார். சாப்பாடு போட்டு, அடித்து, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சல் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போய். நிலம் போனபிறகு அப்பா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஆனார். நீலச் சட்டை, தோளில் கயிறு, விசில். சித்தப்பா பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதாக அப்பா எல்லோரிடமும் சொல்வார்.

அவர் சும்மா இல்லை. நெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தார்.

நெட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் தண்ணீர் நிற்கிற இடத்தில் வளரும் செடி அது. மேலே மெலிந்த தண்டு, பொடி இலை, மஞ்சள் பூ. தண்ணீருக்குள் இருக்கும் தண்டு மட்டும் குழந்தையின் மணிக்கட்டு அளவுக்குப் பருத்திருக்கும். பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளைவெளேரென்று இருக்கும். கையில் வைத்தால் எடையே தெரியாது. மாசியில் எங்கள் ஊர் ஏரி வற்றத் தொடங்கும்போது சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை அறுத்துக் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் ஊரில் யாரும் அந்த வேலையைச் செய்ததில்லை. கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு தண்டை எதற்கோ பிளேடால் சீவிப் பார்த்தாராம். அங்கே ஆரம்பித்தது.

ஆக்சா பிளேடைக் கல்லில் தீட்டி அவரே கத்தி செய்துகொண்டார். புளியங்கொட்டையை வறுத்து அரைத்துப் பசை காய்ச்சுவார். சாயம் எதுவும் பூச மாட்டார். தண்டை உருட்டி உருட்டிச் சீவும்போது காகிதம் போலச் சுருள் சுருளாக வரும், மெல்லக் கிறீச்சிடும். ஈரச் சேற்று வாசனை அறையெல்லாம் இருக்கும். அந்தச் சுருளிலிருந்து இறக்கை, அலகு, மீனின் செதில். ஏரிக்கு வரும் நாரை, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாமே எங்கள் வீட்டில் இருந்தன. ஒருமுறை அம்மா இடமில்லையென்று ஒரு நாரையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டாள். ஒரு பொறி பட்டது. குப்பென்று எரிந்து, சாம்பல்கூட மிஞ்சவில்லை. அம்மா பதறிப்போய் நின்றாள். சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "சரி வுடு அண்ணி. அதுக்குக் கழுத்து கொஞ்சம் கோணல்தான்" என்றார்.

அந்த வருஷம் மே மாத லீவு முழுக்க அவர் ஒரு பஸ் செய்தார்.

அப்போதுதான் கம்பெனி பஸ்கள் எங்கள் தெருமுனைக்கு வரத் தொடங்கியிருந்தன. தெற்கத்திப் பெண்கள் நாலைந்து பேராக ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்கள். காலையில் சித்தப்பா பால் வாங்கப் போகிறவர், தூக்குச்சட்டியோடு அந்த முனையிலேயே நின்றுவிடுவார். பால் வீடு வந்து சேர எட்டு மணி ஆகும். அவர் செய்த பஸ் என் கை நீளம் இருந்தது. ஜன்னலுக்கு ஒரு பெண். ஒருத்தி வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். ஒருத்தி பக்கத்துச் சீட்டுக்காரியின் தோளில் சாய்ந்திருக்கிறாள். ஒருத்தி தூக்கத்திலேயே கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முகங்கள் மொச்சைக்கொட்டை அளவுதான். ஆனால் எனக்கு இரண்டு பேரை அடையாளம் தெரிந்தது.

"ஏன் சித்தப்பா எல்லாரும் தூங்கிக்கினே கீறாங்க?"

"இது போற பஸ்ஸு இல்ல பாப்பா. நைட் ஷிப்டு முடிச்சிட்டு வர்ற பஸ்ஸு."

எங்கள் பள்ளி டிராயிங் சார் ஒருநாள் வீட்டுக்கு வந்து அந்தப் பஸ்ஸை வெகுநேரம் பார்த்தார். குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். சென்னையில் இயற்கைப் பொருட்களில் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு கண்காட்சி நடக்கப்போவதாகச் சொன்னார். பஸ்ஸை அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி வாங்கிக்கொண்டு போனார். அப்பாவுக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, விரோதமும் இல்லை. அவருக்கு வேறு கவலை. சித்தப்பாவுக்குக் குன்றத்தூர் பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தார். பையனுக்குக் கம்பெனி வேலை இருந்தால், அதுவும் பெர்மனென்ட்டாக இருந்தால், மேற்கொண்டு பேசலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"செய்ய வேணாம்னு நான் சொல்லலடா. வேலைக்குப் போய்க்கினே செய். நெலமும் இல்ல. நாளைக்கு நான் இல்லனா உனக்கு யாரு கீறா?" என்றார் அப்பா.

"போறேண்ணா" என்றார் சித்தப்பா. அவர் அப்பாவிடம் மறுத்துப் பேசி நான் கேட்டதேயில்லை.

ஜூன் மாதம் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். தகட்டை வைத்தால் மேலிருந்து மெஷின் இறங்கி அடித்து அச்சாக்கும். காலை ஷிப்டு முடிந்து வரும்போது அவர்மேல் எண்ணெய் வாசனை வீசும். விரல்களில் பொடிப் பொடியாகத் தகடு கிழித்த கோடுகள். ஞாயிற்றுக்கிழமை கத்தியை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஆனால் நெட்டியைத் தொட்டாலே அதில் கறுப்பு ரேகை விழும். சோப்புத்தூளும் மரத்தூளும் கலந்து கையைத் தேய்ப்பார். மறுபடி தொடுவார். மறுபடி ரேகை விழும். அப்புறம் சிரித்துக்கொண்டே கத்தியைத் துணியில் சுற்றி வைத்துவிடுவார்.

ஆடி முடிகிற சமயத்தில் கடிதம் வந்தது. போஸ்ட்மேன் தெருவில் என்னைப் பார்த்துக் கையில் கொடுத்தார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா நைட் டூட்டி முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கைக்கு எட்டாததால் என்னையே பிரித்துப் படிக்கச் சொன்னார். தமிழில்தான் இருந்தது. நான் வாசற்படியில் நின்று, பள்ளிக்கூடத்தில் படிப்பது போலச் சத்தமாகப் படித்தேன். நெட்டியில் செய்த பேருந்து தேர்வாகியிருக்கிறது, கண்காட்சி நடக்கும் பத்து நாட்களும் வந்திருந்து பார்வையாளர்கள் முன் வேலை செய்து காட்ட வேண்டும், தங்குமிடம் உண்டு, அதன்பிறகு அவர்களுடைய பட்டறையிலேயே ஒரு வருஷம் இருந்து வேலை செய்ய விருப்பமா என்று எழுத வேண்டும்.

அப்பா கடிதத்தை வாங்கி மடித்தார். இன்னும் ஆறு வாரத்தில் சித்தப்பாவின் பயிற்சிக் காலம் முடிகிறது. அதற்குள் பத்து நாள் லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அது எனக்கும் தெரியும்; வீட்டில் தினமும் அந்தப் பேச்சுத்தான்.

"சித்தப்பாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத. நான் பாத்து சொல்லிக்கிறேன்" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். அப்பாவுக்குப் பயந்து தலையாட்டினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. சித்தப்பா சென்னைக்குப் போய் ஒரு வருஷம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்பா சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. கடிதத்தை அவர் யூனிபார்ம் சட்டைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். அதன்பிறகு அதை நான் பார்க்கவில்லை.

விநாயகர் சதுர்த்தி அன்று எங்களுக்குப் பள்ளி லீவு. சித்தப்பாவுக்கு லீவு இல்லை. களிமண் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போட்டுவிட்டு, அம்மா கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணி இருக்கும். சித்தப்பாவுக்குப் பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பையன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அவனும் அப்போது சின்னவன்தான். மீசைகூடச் சரியாக வரவில்லை. அவன் சட்டையின் முன்பக்கமெல்லாம் ரத்தம்.

"மதினி, பதறாதீய. அண்ணனுக்குக் கையில அடிபட்டுட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ."

"எந்தக் கை?" என்று அம்மா கேட்டாள். அவன் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். காட்டிவிட்டுத் தடுமாறி, வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

பிறகு அவன்தான் விவரம் சொன்னான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். "ஒரு பட்டன டேப்பு போட்டு ஒட்டி வச்சிருந்தாவ மதினி. அப்பதான் எண்ணிக்கை வரும்னு சூப்பர்வைசர் சொன்னாரு. எல்லா மெஷின்லயும் அப்படித்தான்." ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

அன்று சென்னையில் கண்காட்சியின் மூன்றாம் நாள்.

ஆஸ்பத்திரிக்கு டிராயிங் சார் இரண்டு நாள் கழித்து வந்தார். கண்காட்சிக்குப் போய்விட்டு நேராக ஊருக்கு வந்தவருக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலைச் சுற்றி அப்பா, அம்மா, நான். சித்தப்பாவின் கை பெரிய வெள்ளை மூட்டையாக ஒரு தலையணைமேல் இருந்தது. சார் அந்த மூட்டையையே பார்த்தார். பிறகு தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"நீ ஏன்பா வரல? உன் பேரு எழுதி மேசை போட்டு வெச்சிருந்தாங்க. காலியாவே கெடந்துச்சு. லெட்டர் வந்திருக்குமே."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார்.

"எந்த லெட்டரு சார்? ஒண்ணும் வரலியே" என்றார் அப்பா. அந்தப் பதில் அவ்வளவு வேகமாக வந்தது.

சித்தப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "போஸ்ட்மேன் உன்கிட்டதான பாப்பா குடுப்பாரு. எதுனா வந்துச்சா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சித்தப்பா" என்றேன்.

"தபால்ல எங்கியோ போய்டுச்சு போல" என்றார் சார்.

"வுடுங்க சார்" என்றார் சித்தப்பா. கண்ணை மூடிக்கொண்டார்.

பெண் வீட்டார் ஒருமுறை வந்து பழம் வைத்துவிட்டுப் போனார்கள். மறுபடி வரவில்லை. கம்பெனியில் அவரை கேட்டில் உட்காரவைத்து, வரும் வண்டி போகும் வண்டி எழுதச் சொன்னார்கள். இடது கையால் எழுதப் பழகினார். பஸ்ஸைத் திருப்பி வாங்கித் தருவதாகச் சொன்ன டிராயிங் சாருக்கு அந்த வருஷக் கடைசியில் மாற்றல் வந்துவிட்டது. பஸ் எங்கே போனதென்று தெரியவில்லை.

மாசி வந்தது. ஏரி வற்றத் தொடங்கியது. ஒருநாள் நைட் டூட்டி முடிந்த அப்பா வீட்டுக்கு வரவில்லை. பத்து மணிக்கு, யூனிபார்ம் பேன்ட் இடுப்புவரை நனைந்து, தோளில் ஒரு கட்டு நெட்டியோடு வந்தார். அதுவரை அவர் அதைக் கையால் தொட்டதில்லை. கட்டைச் சித்தப்பாவின் அறை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, காலைத் துவட்டினார். சித்தப்பா ஒரு தண்டை எடுத்துப் பார்த்தார்.

"இது முத்தலண்ணா. தோலு கறுக்கணும்."

மறுநாள் அப்பா கறுத்த தோலாகப் பார்த்துக் கொண்டுவந்தார். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் அறை வாசலில் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. அப்பா தன் குற்றத்தைச் சொல்லாமலே தீர்த்துவிடப் பார்க்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய மனிதரைப் பற்றி அப்படித் தெரிந்துவைத்திருப்பது பாரம். அதைச் சொல்லவும் எனக்கு யாருமில்லை.

சித்தப்பா முயற்சி செய்தார். இடது கையில் கத்தி. வலது கையின் இரண்டு விரலுக்கு நடுவே தண்டு. ஆனால் நெட்டியை உருட்டிக்கொண்டே சீவ வேண்டும். உருட்டுகிற விரல்கள்தான் போய்விட்டன. தண்டு வழுக்கும், கத்தி ஆழமாக இறங்கும், பிளந்துகொள்ளும். தரையெல்லாம் துண்டு துண்டாக வெள்ளை. ஒருநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இத்த கொஞ்சம் புடிச்சிக்கோ. மெதுவா உருட்டு. அவ்ளோதான்."

நான் எதிரில் உட்கார்ந்து பிடித்தேன். முதல் சுருள் அழகாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "பாத்தியா, வந்துச்சு பாரு" என்றார். அவருடைய கை என் கையில் பட்டது. விரல்கள் இருந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது. எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. இல்ல சித்தப்பா, இல்ல சித்தப்பா என்று என் குரலே எனக்குக் கேட்டது. இன்னும் ஒரு நிமிஷம் அங்கே உட்கார்ந்திருந்தால் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. தண்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"ஹோம்வொர்க் கீது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மறுநாள் கூப்பிட்டபோது தலைவலி என்றேன். அடுத்த நாள் டியூஷன். பிறகு அவர் கூப்பிடுவதற்கு முன்பே தெருவுக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் தூங்குகிறேன் என்று நினைத்து அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கையப் பாத்து பயப்படுதுண்ணா கொழந்த. கிட்டயே வர மாட்டேங்குது."

நான் ஏன் போவதில்லை என்று இந்த உலகத்தில் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"ஆமாண்டா. சின்னக் கொழந்ததான. போவப் போவ சரியாய்டும்" என்றார்.

மறுநாளிலிருந்து, நான் இருக்கும்போது சித்தப்பா வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நெட்டிக் கட்டுகள் வெயிலில் காய்ந்து மஞ்சளாகின, எலிகள் கடித்துப் போட்டன. "தண்ணிக்குள்ள எறங்காதண்ணா, பாம்பு கீது" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். அப்பா கொண்டுவருவதை நிறுத்தினார்.

இரண்டு வருஷத்தில் சித்தப்பா அந்தக் கம்பெனியை விட்டுவிட்டுக் குன்றத்தூருக்குப் போனார். ஒரு செடி நர்சரியில் வேலை. ஒற்றை அறை வாடகை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிச்சமிருந்த பறவைகளை எடுத்துக்கொண்டு போயிருந்தார். இரண்டாயிரத்துப் பதினைந்து மழையில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தபோது அந்த அறையில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. அவர் மாடி வீட்டில் ஏறித் தப்பித்தார். பறவைகள் போய்விட்டன. என் கல்யாணத்துக்கு வந்தார். எல்லோரும் அட்சதை போட வரிசையில் வந்தபோது அவரைக் காணவில்லை. பந்தி நடக்கும் இடத்தில் சாம்பார் வாளிகளுக்குப் பக்கத்தில், வலது கையை வேட்டி மடிப்புக்குள் செருகி நின்றுகொண்டிருந்தார்.

அப்பா போன வருஷம் இறந்துபோனார். கடைசிவரை சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. காரியம் முடிந்த மறு வாரம் நான் தனியாகக் குன்றத்தூருக்குப் போனேன்.

காலை நேரம். கடையிலிருந்து டீ வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்தார். வலது கை வழக்கம்போலத் துண்டுக்குள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். லெட்டர் வந்தது, என் கையில்தான் வந்தது, அப்பா மறைத்தார், நான் பொய் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா எழுதியிருந்தாங்க அதுல?"

எனக்கு அது வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. சொன்னேன். பேருந்து தேர்வாகியிருக்கிறது. பத்து நாட்கள். தங்குமிடம் உண்டு. பட்டறையில் ஒரு வருஷம். அவர் தலையை மெல்ல ஆட்டியபடி, யாரோ இப்போதுதான் அனுப்பிய தகவலைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு வருஷமா" என்றார். அப்புறம், "அண்ணன் எனக்காகத்தாம்மா செஞ்சிருப்பாரு. அவருக்கு வேற வழி தெரியல" என்றார். எழுந்து போய் ஜன்னலைத் திறப்பது போல நின்றுவிட்டு வந்தார்.

கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ... கையப் பாத்து பயப்படலியா?"

"இல்ல சித்தப்பா."

இந்த முறை அது பொய் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கையை நீட்டி, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே டம்ளரைப் பிடித்துத் தூக்கி, ஆறிப்போன டீயைச் சிந்தாமல் குடித்தார்.